பாட்டு முடிந்த பிறகு வந்தவர்

நாலு நிமிடம் பதினோரு நொடி ஓடும் ஒரு பாட்டு. அதன் ஒவ்வொரு காட்சியையும் என்னால் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்க முடியும். முதலில் கல்லல் ரயில் நிலையத்தின் சிமெண்ட் பெஞ்சு. அதில் மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் கிடாரை மடியில் கிடத்தி உட்கார்ந்திருப்பான். பிறகு கோவிலூர் குளத்துப் படியில் மூன்று பேர் இறங்குவார்கள். நடுவில் வருகிறவனுக்குச் செருப்பு வார் அறுந்திருக்கும். அதைக் காட்டிக்கொள்ளாமல் காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பான். டிரம்ஸ் வாசிக்கிறவன் கைக்கடிகாரத்தை வலது கையில் கட்டியிருப்பான். ஒரு நிமிடம் நாற்பதாவது நொடியில் கேமரா ஒரு பெரிய வீட்டின் வளவுக்குள், தூண்கள் சூழ்ந்த நடுமுற்றத்துக்குள், நுழையும். அப்போது ஒரு தூணுக்குப் பின்னாலிருந்து யாருடைய கையோ நீண்டு, கொடியில் கிடக்கும் பச்சைத் துண்டை அவசரமாக உருவும். எடுத்தவர்கள்கூட அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். நான் கவனித்தேன்.

என் மகள் எந்தப் பிரிவில் படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் ஒரு கணம் யோசிப்பேன். பச்சைத் துண்டைப் பற்றிக் கேட்டால் யோசிக்க வேண்டியதில்லை. இதை நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். இப்போது சொல்வது பெருமைக்காக அல்ல.

நான் காரைக்குடியில் ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தர். இந்தப் பைத்தியம் பிடித்தது கல்லூரியில் படிக்கும்போது. அப்போது உள்ளூர் கேபிளில் மத்தியான நேரத்தில் ஜவுளிக்கடை விளம்பரத்துக்கும் நகைக்கடை விளம்பரத்துக்கும் நடுவே எப்போதாவது ஒரு பாட்டு வரும். சினிமாப் பாட்டு இல்லை. நாலு கூட்டாளிகள் சேர்ந்து, தாங்களே எழுதி, தாங்களே பாடி, கல்யாண வீடியோ எடுக்கிறவரைக் கெஞ்சிக் கூட்டிவந்து எடுத்த பாட்டு. கேமரா ஆடும். வாயசைப்பு ஒட்டாது. பாடுகிறவன் தெருவில் போகிற மாட்டுக்கு ஒதுங்கி நின்றுவிட்டு விட்ட இடத்திலிருந்து பாடுவான். எனக்கு அதைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும். இன்றைய பிள்ளைகள் இதற்கு 'இண்டி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அன்றைக்குப் பெயர் எதுவும் கிடையாது. ஒரு மத்தியானம் வந்துவிட்டுப் போகும், மறுநாள் யாரிடம் கேட்டாலும் தெரியாது என்பார்கள்.

அப்படிப் போன பாட்டுகளைத் தேடிப் பிடிப்பதுதான் என் வேலையாகிப் போனது. அலுவலகம் அதற்கு அப்புறம்தான். இதே பைத்தியம் பிடித்தவர்கள் மதுரையில் இருந்தார்கள், சென்னையில் இருந்தார்கள், மலேசியாவில்கூட ஒருவர் இருந்தார். எல்லாரும் சேர்ந்து செல்பேசியில் ஒரு குழு. குழுவுக்கென்று சில வழக்கங்கள் உண்டு. அபூர்வமான பாட்டு வேண்டுமென்றால் பதிலுக்கு ஒரு அபூர்வம் கொடுக்க வேண்டும். பழைய வீடியோ கேசட்டிலிருந்து பாட்டைக் கணினிக்கு ஏற்றும்போது தலையையும் வாலையும் வெட்டிவிட வேண்டும். அதாவது பாட்டுக்கு முன்னாலும் பின்னாலும் ஓடுகிற வெற்றுக் காட்சி, விளம்பரம், கேமராக்காரரின் விரல், எதுவும் இருக்கக்கூடாது. பாட்டு மட்டும் சுத்தமாக நிற்க வேண்டும். பூஞ்சை பிடித்த கேசட்டை வீட்டில் வைத்திருக்கக்கூடாது, அலமாரியிலுள்ள மற்றவற்றுக்கும் பரவிவிடும். ஒரே ஒரு முறை ஓட்டிப் பதிந்துகொண்டு, மேலே ஒட்டிய சீட்டை மட்டும் உரித்து வைத்துக்கொண்டு, கேசட்டை எரித்துவிட வேண்டும். சீட்டுதான் அத்தாட்சி. இந்தச் சட்டத்தை யார் போட்டார்கள் என்று தெரியாது. ஆனால் அதை என்னைப்போல ஒழுங்காகக் கடைப்பிடித்தவர் குழுவில் யாரும் இல்லை.

நான் ஒப்பித்தேனே, அந்தப் பாட்டை முதலில் உள்ளூர் கேபிளில் மூன்று முறை பார்த்தேன். நாலாவது முறை வரும்போது பிடித்துவிடலாம் என்று வெற்றுக் கேசட் வாங்கி வைத்திருந்தேன். நாலாவது முறை வரவே இல்லை. அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கும் மேலாகத் தேடினேன். கேபிள்காரரின் கேசட்டுகளை எலி தின்றிருந்தது. கேமராக்காரர் இறந்து போயிருந்தார். பாடியவர் வெளிநாட்டில் இருந்தார். எப்படியோ எண்ணைக் கண்டுபிடித்துக் கேட்டதற்கு, "எனக்கே ஞாபகமில்லையேங்க" என்று சிரித்தார். கடைசியில் டிரம்ஸ் வாசித்தவர் அகப்பட்டார். காரைக்குடியிலேயே பெயிண்ட் கடை வைத்திருந்தார். அவர் கடையில் நான் எத்தனையோ முறை பெயிண்ட் வாங்கியிருக்கிறேன்.

"எங்ககிட்ட ஒண்ணும் இல்ல," என்றார் அவர். "வேன் ஓட்டுன அண்ணனுக்கு ஒரு கேசட்டு குடுத்தோம். மூணு நாளும் எங்களோடயே கெடந்தாரு, பாவம். இப்ப ஆளு தவறிட்டாரு. வீடு கல்லல்ல இருக்கு, போயிப் பாருங்க."

மறுநாளே விடுப்பு எழுதிப் போட்டுவிட்டுக் கல்லலுக்குப் பஸ் ஏறினேன்.

வேன் ஓட்டியவரின் மனைவிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். அங்குள்ள பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமையல் வேலை. நான் போனபோது வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். ஒரு காக்கிச் சட்டைக்கு அடியிலிருந்து கேசட்டை எடுத்து, முந்தானையால் துடைத்து என் கையில் கொடுத்தார். கேசட்டின் சிறு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது.

"நாங்க பாத்தது ஒரே ஒரு தடவ தம்பி," என்றார். "பக்கத்து வீட்டுல ஒரு விசேசத்துக்கு டெக்கு வாடகைக்கு எடுத்தாக. அன்னைக்குப் போட்டுப் பாத்தோம். நம்ம வீட்டுல டெக்கு ஏது? பாட்டு முடிஞ்சப்பறம் கொஞ்ச நேரம் எங்க வீட்டுக்காரவுக வருவாக. பேசுவாக. அத மட்டும் செல்லுல பாக்குற மாதிரி பண்ணிக் குடுத்தீகன்னாப் போதும். போட்டா இருக்கு, கல்யாணத்துல எடுத்தது. கொரலு எங்குட்டும் இல்ல."

"சரிக்கா, சரிக்கா," என்றேன்.

அவர் பேசும்போது நான் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். நீல மையில் பாட்டின் பெயர், அதற்குக் கீழே 'வேன் அண்ணனுக்கு அன்புடன்' என்று நாலு பேர் கையெழுத்து. குழுவில் இந்தச் சீட்டைப் படமெடுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது காதில் விழுந்தது. விழுந்ததோடு சரி.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் யாரும் என் அறைக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கேசட்டின் திருகாணிகளைக் கழற்றி, பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு, நாடாவைக் கையால் சுற்றிச் சுற்றித் துடைத்தேன். ஒரு முறைதான் ஓடும், அதற்கு மேல் தாங்காது என்று பார்த்த உடனே தெரிந்தது. டெக்கில் போட்டேன். கோடுகள் நெளிந்தன. பிறகு கல்லல் ரயில் நிலையத்து சிமெண்ட் பெஞ்சு. மஞ்சள் சட்டை. நான் அழுதுவிட்டேன். கூச்சத்தை விட்டுச் சொல்கிறேன், என் அப்பா செத்தபோதுகூட அவ்வளவு சீக்கிரம் எனக்குக் கண்ணீர் வரவில்லை.

நாலு நிமிடம் பதினோரு நொடி. பாட்டு முடிந்ததும் கணினியில் பதிவை நிறுத்தினேன். எப்படியும் வெட்டப் போகிற வால்தானே. டெக் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் வெறும் திரை. பிறகு அதே வளவு. வரிசையாக இலை போட்டு ஆட்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். இவர்கள் இரண்டாவது பாட்டு எதுவும் எடுத்திருப்பார்களோ என்ற ஆசையில் வேகமாக ஓட்டும் பொத்தானை அழுத்தினேன். படம் முழுக்கக் கோடு விழுந்தது. சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் அவசர அவசரமாக வாயை மென்றார்கள். ஒருவர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார், வந்தார். இரண்டாவது பாட்டு எதுவும் இல்லை. டெக் கரகரவென்று முனக ஆரம்பித்தது. பூஞ்சை என் டெக்கைக் கெடுத்துவிடும் என்ற பயத்தில் பட்டென்று நிறுத்தி இழுத்தேன். நாடா சிக்கி, கசங்கி, நீளமாக வெளியே வந்தது.

சீட்டைக் கெட்டில் ஆவியில் காட்டி, மூலை கிழியாமல் உரித்தேன். அதில் நான் கெட்டிக்காரன். கேசட்டைக் கொல்லைக்குக் கொண்டுபோய்த் தென்னை மட்டைகளோடு வைத்துக் கொளுத்தினேன். கரும்புகை எழும்பியது. "கொடியில துணி காயுது, இப்பத்தான் ஒங்களுக்கு எரிக்கணுமா?" என்று என் மனைவி உள்ளேயிருந்து சத்தம் போட்டாள்.

நெருப்பு வைக்கும்போது கல்லலில் அந்த அக்கா சொன்னது எனக்கு ஞாபகம் வந்ததா என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். வரவில்லை. ஞாபகம் வந்து, அதைத் தள்ளிவிட்டுக் கொளுத்தினேன் என்றாலாவது அது ஒரு மனிதன் செய்கிற தப்பாக இருந்திருக்கும். எனக்கு அது வரவே இல்லை.

பாட்டை இணையத்தில் ஏற்றினேன். மூலையில் என் முத்திரையைப் போட்டேன். நான் எடுத்த பாட்டும் இல்லை, பாடிய பாட்டும் இல்லை, ஆனால் என் முத்திரை. குழுவில் இரண்டு நாள் திருவிழாதான். 'மீட்டெடுத்த மகராசன்' என்று எழுதினார்கள். மலேசியாக்காரர் தன்னிடமுள்ள எந்தப் பாட்டையும் கேட்காமலேயே தருவதாகச் சொன்னார். அலுவலகத்தில் கோப்புக்கு நடுவே செல்லை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாராட்டையும் இரண்டு தடவை படித்தேன். கல்லல் அக்காவின் மகளுடைய செல்லுக்கும் பாட்டை அனுப்பிவைத்தேன். கடமை முடிந்தது என்ற நினைப்பு.

ஒரு வாரம் கழித்து அக்கா பேசினார்.

"தம்பி, பாட்டு வந்துருச்சு. ரொம்ப நல்லாருக்கு. ஆனா முடிஞ்சதும் அப்படியே நின்னு போகுது. அவுக வர்றத தனியா அனுப்புவீகளா?"

நான் அலுவலகத்து மாடிப்படியில் நின்றிருந்தேன். அப்போதுதான் எல்லாம் ஒரேயடியாகத் தலையில் இறங்கியது. இலைகள், கோடு விழுந்த படம், வாளி, புகை. பூஞ்சை தின்றுவிட்டது என்று சொல்லியிருக்கலாம், அது பாதியாவது உண்மை. ஆனால் அப்படிச் சொன்னால் 'சரி, கேசட்டையாவது கொண்டாந்து குடுங்க' என்று கேட்டுவிடுவார். அந்த ஒரு நொடிக்குள் என் புத்தி இவ்வளவையும் கணக்குப் போட்டது. நல்ல காரியத்துக்கு இவ்வளவு வேகமாக அது ஒருநாளும் ஓடியதில்லை.

"அக்கா, அந்தக் கேசட்டுல பாட்டு மட்டுந்தான்க்கா இருந்துச்சு," என்றேன். "அதுக்கப்பறம் ஒண்ணும் இல்ல. நான் கடைசி வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டேன்."



"அப்படியா தம்பி? நான் பாத்த மாதிரியே இருக்கே. எலை போட்டு எல்லாரும் ஒக்காந்துருப்பாக... சரி, வேற எதையாச்சும் பாத்துட்டு மாத்தி நெனச்சுக்கிட்டேன் போல. வயசாகுதுல்ல. ஒங்களைப் போட்டுத் தொந்தரவு பண்ணிட்டேன், தப்பா நெனச்சுக்காதீக. கேசட்ட நீங்களே வச்சுக்கங்க. அவுக இல்லாத கேசட்டு எனக்கு எதுக்கு?"

என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். நான் படியேறிப் போய் என் நாற்காலியில் உட்கார்ந்து மிச்ச வேலையைப் பார்த்தேன்.

ஏழெட்டு மாதம் அப்படியே போனது. அந்தப் பாட்டு எடுத்த பெரிய வீடு இப்போது வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற ஹோட்டல். அதை நடத்துகிறவர்கள் இணையத்தில் பாட்டைப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதே வளவில் திரை கட்டிப் போட்டுக் காட்டலாம் என்றார்கள். பேச்சாளர் நான்தான். பழையதைப் பாதுகாப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை, புதுச் சட்டை எடுக்கத்தான் தோன்றியது. பெயிண்ட் கடைக்காரர் வந்திருந்தார். கல்லல் அக்காவும் மகளும் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வேன் ஓட்டியவரின் குடும்பம் என்று ஹோட்டல்காரர்கள்தான் அழைத்திருந்தார்கள்.

நான் பேசினேன். நன்றாகவே பேசினேன். "ஒரு நாடா அழிந்தால் ஒரு காலமே அழிகிறது" என்றெல்லாம் சொன்னேன். கல்லூரிப் பிள்ளைகள் கைதட்டினார்கள். பாட்டு ஓடியது. திரையில் ஓடும் வளவும் நாங்கள் உட்கார்ந்திருந்த வளவும் ஒன்றாக இருந்ததில் எல்லாருக்கும் சந்தோஷம். முடிந்ததும் பெயிண்ட் கடைக்காரர் மைக்கை வாங்கினார்.

"கடைசி நாளு சமையக்காரரு வரல," என்றார். "எங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சின்னப் பயலுக. வேன் அண்ணன்தான் சோறு பொங்கி, சாம்பாரு வச்சு, இதே எடத்துல எலை போட்டு எங்களுக்குப் பரிமாறுனாரு. நாடா மிச்சம் கெடக்குதேன்னு அதையும் எடுத்தோம். அவருக்குக் குடுத்த கேசட்டுல மட்டும் பாட்டுக்குப் பின்னாடி அதைச் சேத்துக் குடுத்தோம்." என் பக்கம் திரும்பினார். "அது இருந்துச்சே, நீங்க பாக்கலையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டாவது வரிசையிலிருந்து அக்கா எழுந்துவிட்டார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னார்:

"இல்லங்க. அதுல பாட்டு மட்டுந்தான் இருக்கு. தம்பி பூராத்தையும் ஓட்டிப் பாத்துட்டாக. எனக்கும் ஒங்கள மாதிரித்தான் நெனப்பு இருந்துச்சு. நம்ம ரெண்டு பேருக்குமே தப்பா நெனப்பு."

"அப்படியா? எனக்கு நல்லா ஞாபகம் இருக்கே..." என்று அவர் தலையைச் சொறிந்தார். "சரி, பெயிண்டு வாடையில மூளை மழுங்கிப் போச்சு போல."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கேசட்டை எரித்ததைவிட, படியில் நின்று பொய் சொன்னதைவிட, எனக்கு இன்றைக்கும் உடம்பு கூசுவது அந்தச் சிரிப்பை நினைத்தால்தான். பிறகு எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போகும்போது அக்கா என் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தார். வீட்டில் செய்த கடலை உருண்டை.

பொட்டலத்தை நான் பிரிக்கவில்லை. மூன்று நாள் கழித்து அதில் எறும்பு மொய்த்ததைப் பார்த்து என் மனைவி கேட்டபோது எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் கேட்டு முடித்துவிட்டுப் பொட்டலத்தை எடுத்து உதறினாள்.

"இதை எங்கிட்ட எதுக்குச் சொல்றீக? சொல்ல வேண்டிய எடம் கல்லல்ல இருக்கு," என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். உரித்து வைத்த சீட்டைச் சட்டைப் பையில் எடுத்துக்கொண்டேன். அக்கா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி, ஒக்காருங்க. வெயில்ல வந்துருக்கீகளே," என்று எழுந்தவரை உட்காரச் சொல்லிவிட்டு நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் பேச்சை மாற்றிவிடுவேன் என்று எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை. கேசட்டில் பாட்டுக்கு அப்புறம் காட்சி இருந்தது என்றேன். நான் அதைப் பதியவில்லை என்றேன். எரித்துவிட்டேன் என்றேன். பொய் சொன்னேன் என்றேன். சீட்டை எடுத்து அரிசிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் சீட்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"அப்ப இருந்துச்சா?" என்றார்.

"இருந்துச்சுக்கா."

"எலை போட்டு எல்லாரும் ஒக்காந்துருந்தாகளா?"

"ஆமாக்கா."

அவர் முகம் மலர்ந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டார். "ஏய், இங்குட்டு வாடி. இருந்துச்சாம்! நான் சொன்னேன்ல, இருந்துச்சாம்!"

மகள் வந்து வாசலில் நின்றாள். முழுவதும் கேட்டிருக்கிறாள் என்று அவள் பார்வையிலேயே தெரிந்தது. "நீங்க போன்ல சொன்ன அன்னைலருந்து எங்கம்மா எதையுமே நம்புறதில்ல," என்றாள். "அடுப்ப அணைச்சமான்னு மூணு தடவ போயிப் பாக்குறாக. இருபது வருசமா நூறு பிள்ளைகளுக்குச் சமைச்ச ஆளு, இப்ப உப்புப் போட்டமா இல்லையான்னு டீச்சர்களக் கூப்பிட்டு ருசி பாக்கச் சொல்றாக. அங்க எல்லாரும் ஒரு மாதிரியா பேசுறாக."

"சும்மா இருடி," என்று அக்கா அவளை அடக்கினார். அவருக்கு அதெல்லாம் இப்போது பொருட்டாக இல்லை. சுளகைத் தள்ளி வைத்துவிட்டு எனக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தார். "போனது போகட்டும். நீங்க பாத்தீகல்ல? ஒங்க கண்ணால பாத்தீகல்ல? சொல்லுங்க தம்பி. அவுக என்ன பேசுனாக?"

"வேகமா ஓட்டுனேன்க்கா. வேகமா ஓட்டுனா சத்தம் வராது."

"சரி. கேக்காட்டிப் போகுது. பாத்ததச் சொல்லுங்க. என்ன சட்டை போட்டுருந்தாக? எப்படி வந்தாக?"

எனக்குச் செருப்பு வார் தெரியும். பச்சைத் துண்டு தெரியும். டிரம்ஸ்காரனின் கைக்கடிகாரம் தெரியும். கோடு விழுந்த அந்தப் படத்தை மனதுக்குள் எத்தனை முறை இழுத்துப் பார்த்தாலும் ஒரு வாளிதான் வந்தது, அதைத் தூக்கிய ஆள் வரவில்லை. சட்டை வரவில்லை, முகம் வரவில்லை. அக்கா கண் இமைக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருந்தேன்.

"காக்கிச் சட்டைக்கா," என்றேன். பெட்டிக்குள் பார்த்த சட்டை. "இடது கையில வாளி. சோத்தாங்கையில கரண்டி. ஒவ்வொரு எலைக்கும் குனிஞ்சு குனிஞ்சு ஊத்துனாரு. சிரிச்ச முகமா இருந்தாரு. எல்லாருக்கும் ரெண்டு தரம் ஊத்துனாரு."

பரிமாறுகிறவர்கள் எல்லாரும் எப்படிப் பரிமாறுவார்களோ அப்படிச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நடந்தது போலத் தோன்றியது. நிறுத்தியபோது அவர் முகத்திலிருந்த வெளிச்சம் போயிருந்தது. மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவுகளுக்கு நொட்டாங்கைப் பழக்கம் தம்பி," என்றார் அக்கா, மெதுவாக. "வாளி சோத்தாங்கையிலதான் இருக்கும், கரண்டிதான் நொட்டாங்கையில. நொட்டாங்கையில ஊத்துறாரு பாருங்கடான்னு அந்தப் பயலுக எல்லாரும் அதுல கேலி பண்ணுவாக. அதுக்குத்தான் அவுக கேமராவப் பாத்துத் திரும்பி, 'எங்க வீட்டுல யாரும் இதுக்காகச் சாப்பிடாம எந்திரிச்சதில்ல'ன்னு சொல்வாக. வெள்ளச் சட்டை. மடிச்சு விட்டுருப்பாக."

அவர் இதை என்னிடம் சொல்லவில்லை. எதிரே பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு தடவை, பக்கத்து வீட்டில், வாடகை டெக்கில் பார்த்தது.

பிறகு சுளகை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அரிசியில் ஒரு கல்லைப் பொறுக்கித் தள்ளிப் போட்டார்.

"நீங்க பாக்கல தம்பி," என்றார்.